டென்மார்க்கின் பேர்

மறைமலைநகரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் மிஷின் நிற்காது. ஆள் மாறுவான், மிஷின் ஓடும். அடுத்த ஷிஃப்டில் அதே மிஷினுக்கு வருகிறவனை ரிலீவர் என்பார்கள். அவன் வந்து பக்கத்தில் நிற்பான். நான் கையைத் துடைத்துக்கொண்டு நகர்வேன். அவன் என் இடத்துக்கு வருவான். நகரும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"செட்டிங் தொடல."

செட்டர் வந்து டூலை வைத்து, முதல் பீஸை அளந்து, சரி என்று சொன்ன பிறகு அதை யாரும் தொடக்கூடாது. ஓட்டுவது மட்டும்தான் நம் வேலை. ரிலீவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அளந்து பார்க்க மாட்டான். அளந்தால் முந்தின ஆளை நம்பவில்லை என்று அர்த்தம். அப்படிச் செய்கிறவனோடு யாரும் கேன்டீனில் உட்கார மாட்டார்கள். எங்கள் லைனில் அதுதான் வழக்கம்.

இந்த வழக்கத்தை நான் கொண்டுபோய் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் வைத்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. செங்கல்பட்டில் ராட்டினங்கிணறு ஸ்டாப்பில்தான் கம்பெனி பஸ் ஏறுவேன். ஸ்டாப்புக்கு எதிரில் ஒரு பிரவுசிங் சென்டர். ஒரு அக்கா நடத்தினார். ஆறு கம்ப்யூட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்கினேன். உள்ளே நாலு பேர் ஒரே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் கல்லாவில் இருந்தபடியே ஆடினார். ஒரு நாற்காலி காலி.

"சும்மா தானே நின்னுகினு கீற? உக்காருப்பா," என்றார் அக்கா. "அந்த நாட்ட கம்ப்யூட்டரே ஓட்டுது. பேஜாரா கீது."

உட்கார்ந்தேன். அந்த நாடு டென்மார்க்.

அந்த விளையாட்டில் சுடுவது, ஓடுவது எதுவும் இல்லை. உலகப் படம் இருக்கும். நானூறு வருஷத்துக்கு முந்தைய உலகம். ஆளுக்கு ஒரு நாடு. நாள், மாதம், வருஷம் என்று தேதி ஓடிக்கொண்டே இருக்கும். வரி போடலாம், கப்பல் கட்டலாம், கூட்டணி சேரலாம், சண்டை போடலாம். ஒரு ஆட்டம் முடிய மாதக் கணக்கில் ஆகும். ஞாயிற்றுக்கிழமைதோறும் விட்ட இடத்திலிருந்து ஆடுவார்கள். காலையில் ஆரம்பித்து மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். நாலு மணிக்கு மறுபடி ஆரம்பிப்பார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவன். திரையில் வருவதெல்லாம் இங்கிலீஷ். பக்கத்து நாற்காலியில் கல்பாக்கத்தில் வேலை செய்யும் ஒருவர் இருந்தார். டெக்னீஷியன். ஊர் கும்பகோணம் பக்கம். ஞாயிறன்று பஸ் பிடித்து வருவார். நான் சார் என்று கூப்பிடுவேன். அவர் ஹாலந்து.

"எங்க குவார்ட்டர்ஸ்லேர்ந்து நடந்து போனா சதுரங்கப்பட்டினத்துல அவங்க கோட்டை இருக்கு தம்பி. அதான் ஹாலந்து எடுத்தேன். உன் ஆளுங்க தரங்கம்பாடியில கோட்டை கட்டினவங்க. நாம ரெண்டு பேரும் கடலோரம்," என்றார்.

இது கூட்டணி கேட்கிறது, இது சண்டைக்குக் கூப்பிடுகிறது, இடது பக்கம் அமுக்கினால் சரி, வலது பக்கம் அமுக்கினால் முடியாது. அவர் அவ்வளவு சொல்லிக்கொடுத்தார். எழுத்தை நான் படிக்கவில்லை. உருவத்தை ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

கொடிக்குப் பக்கத்தில் ஒரு பட்டை இருந்தது. பாலிடெக்னிக்கில் படித்த பையன்கள் மூன்று பேர் ஆடினார்கள். அவர்கள் அதை ரெபுடேஷன் என்றார்கள். அக்கா பேரு என்றார். நானும் பேர் என்றே வைத்துக்கொண்டேன். சொன்னதைச் செய்தால் பட்டையில் பச்சை ஏறும். மிகவும் கொஞ்சம். ஏறும்போது தெரியாது. போன வாரம் இருந்ததோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கூட்டணியை முறித்தால், கூப்பிட்ட சண்டைக்குப் போகாவிட்டால், ஒரே நாளில் சிவப்பு.

எனக்கு அது பிடித்துவிட்டது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. கம்பெனியில் நான் கான்ட்ராக்ட் ஆள். சூப்பர்வைசர் "ஏய் கான்ட்ராக்ட்" என்றுதான் கூப்பிடுவார். அந்த அறையில் என்னை டென்மார்க் என்று கூப்பிட்டார்கள்.

நான் நிலம் சேர்க்கப் போகவில்லை. கூட்டணி கேட்டால் யோசித்துச் சரி சொல்வேன். சரி சொன்னால் கூப்பிட்டபோது போவேன். அவ்வளவுதான் என் ஆட்டம்.

ஒரு தடவை பிரான்ஸ் ஆடிய பையனும் சுவீடன் ஆடிய பையனும் சேர்ந்துகொண்டு சாரை அடித்தார்கள். சார் என்னைக் கூப்பிட்டார். திரையில் செய்தி வந்தது. எனக்குப் பக்கத்தில் சுவீடன். போனால் எனக்குத்தான் அடி விழும் என்று எல்லோருக்கும் தெரியும். சாருக்கும் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவில்லை. இடது பக்கம் அமுக்கினேன்.

என்னிடம் இருந்த நார்வேயில் பாதி போய்விட்டது. கப்பல் எல்லாம் போய்விட்டது. ஹாலந்து தப்பித்தது.

பிரான்ஸ் பையன் சிரித்தான். "அண்ணாத்த, உனுக்கு இன்னா லாபம்? அவரு வூடு பத்திக்கிச்சின்னு உன் வூட்ட கொளுத்திக்கினியே! ஏமாந்த சோணகிரி!"

"கூப்ட்டாரு. போனேன்," என்றேன்.

"டயலாக்க பாரு," என்றான்.

ஆனால் பட்டை ஏறியது. அடுத்த சில வாரங்களில் முழுப் பச்சை. கம்ப்யூட்டர் ஓட்டும் சின்னச் சின்ன நாடெல்லாம் என்னிடம் கூட்டணி கேட்டு வந்தன. அக்கா தன் திரையிலிருந்து பார்த்துச் சொன்னார். "இன்னாய்யா, உன் வாசல்ல ரேஷன் கடை மாதிரி கூட்டம் நிக்குது!"

அதன்பிறகு பையன்கள் தங்களுக்குள் சமாதானம் பேசினால் "டென்மார்க் சாட்சி" என்பார்கள். நான் தலையாட்டினால் போதும். அதே பிரான்ஸ் பையன்தான் முதலில் அப்படிச் சொன்னவன்.

ஒரு நாள் சார் என்னை மாமல்லபுரத்துக்கு வரச் சொன்னார். கும்பகோணத்திலிருந்து அவர் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், சுற்றிக்காட்டப் போகிறோம், நீயும் வா என்றார். போனேன். கடற்கரையில் அவர் வீட்டம்மா புளிசாதம் கட்டிக் கொண்டுவந்திருந்தார். என்னைக் காட்டி, "தம்பிதான் டென்மார்க்," என்றார் சார். அந்த அம்மா சிரித்தார். "உங்களைப் பத்தி வீட்ல நிறைய பேச்சு. இவரு ஆபீஸ்ல ஒருத்தரையும் இப்படிச் சொன்னதில்ல," என்று எனக்கு இன்னொரு கரண்டி வைத்தார். சொந்தக்காரர் ஒருவர், "டென்மார்க்னா கலரா இல்ல இருப்பாங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சாப்பிட்ட பிறகு சாரும் நானும் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே பாறையில் உட்கார்ந்தோம். காற்று அதிகம். மீன் வறுக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. அவர் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பிரான்ஸை இந்தத் தடவை விடக்கூடாது தம்பி. என் படை மொத்தத்தையும் தெற்கே கொண்டுபோகப் போறேன். ஊர் காலியா இருக்கும். உன் படையை ஆம்ஸ்டர்டாம்ல கொண்டுவந்து வெச்சுக்க. காவலுக்கு. அனுமதி நான் கொடுக்கறேன்."

தலையாட்டினேன்.

"சென்டர்ல சொன்னா பசங்க காதுல விழும். அதான் இங்கே," என்றார். "வேற யாரா இருந்தாலும் என் ஊருக்குள்ள விடமாட்டேன்."

அதற்கும் தலையாட்டினேன். எனக்குப் பேச வராது. அன்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அதற்கு முன்பே சில மாதமாகக் கம்பெனியில் ஏற்றுமதி அவசரம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஒரு ஞாயிறு லீவு, அடுத்த ஞாயிறு எனக்கு முதல் ஷிஃப்ட். மூன்று மணிக்கு முடியும். காலை ஆட்டத்துக்கு நான் இருக்க முடியாது. நாற்காலி காலியானால் கம்ப்யூட்டர் நாட்டை எடுத்துக்கொள்ளும். கூட்டணிக்காரன் கூப்பிட்டால் அது பாட்டுக்கு முடியாது என்று சொல்லிவிடும். பட்டை இறங்கிவிடும். அதனால் என் ரிலீவரை உட்கார வைத்தேன்.

அவன் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தோம். என் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுத்தவன். எனக்கு முதல் ஷிஃப்ட் என்றால் அவனுக்கு இரண்டாவது. காலையில் சென்டரில் உட்காருவான். ஒரு மணிக்கு எழுந்து கம்பெனி பஸ் பிடிப்பான். மூன்று மணிக்கு என்னிடமிருந்து மிஷினை வாங்குவான். நான் அவனிடமிருந்து நாட்டை வாங்குவேன். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

முதல் நாளே சொல்லிவிட்டேன். "எதையும் தொடாத. சார் கூப்ட்டா இடது பக்கம் அமுக்கு. மத்தபடி ஓட்டினு இரு."

"மிஷின் மாதிரி," என்றான்.

"ஆமா. மிஷின் மாதிரி."

பல ஞாயிறு அப்படிப் போனது. ஒரு குறையும் இல்லை. மிஷின் பக்கத்தில் வந்து நிற்பான். "நாடு?" என்பேன். "செட்டிங் தொடல மச்சான்," என்பான். நான் சிரிப்பேன். எனக்கு அதற்கு மேல் விவரம் வேண்டியதில்லை.

அவனுக்கு அங்கே தனி நாடு இல்லை. ஆறு நாற்காலிக்கும் ஆள் இருந்தது. ஒன்றிரண்டு முறை அக்காவிடம் கேட்டிருக்கிறான். "அடுத்த ஆட்டத்துல பாக்கலாம்பா," என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதை என்னிடமும் சொன்னான். நான் காதில் வாங்கவில்லை.

சார் தெற்கே இறங்குவதாகச் சொன்ன ஞாயிறும் மூன்று மணிக்கு வந்தான். முந்தின வாரமே என் படையை ஆம்ஸ்டர்டாமில் கொண்டுபோய் வைத்திருந்தேன். கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டான். எண்ணெய்த் துணியை அவனிடம் கொடுத்தேன்.

"செட்டிங் தொடல," என்றேன்.

"சரி."

"நாடு எப்படிடா?"

"சோக்கா கீது."

நான் நின்றேன். அவன் மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "செட்டிங் தொடல மச்சான். நீ போ, பஸ் வுட்ருவ."

போனேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது, சார் இந்நேரம் தெற்கே இறங்கியிருப்பார், நம் படை அவர் ஊரில் காவல் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த மாதிரி ஒரு பஸ் பயணம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

கதவைத் திறந்ததும் பிரான்ஸ் பையன் எழுந்து நின்று கைதட்டினான்.

"வாங்க மன்னா! அண்ணாத்த, கால காட்டு. தொட்டுக் கும்புட்டுக்குறேன்."

மற்ற இரண்டு பையன்களும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சார் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா?" என்றேன்.

"இன்னாவா? ஆம்ஸ்டர்டாம் உன்னுது. அதுக்கு மேல கீறதெல்லாம் உன்னுது. சாருக்கு ஓரமா ஒரு தீவு மட்டும் கீது. உள்ள பூந்து ஒக்காந்துகினு, கூட்டணிய முறிச்சிட்டு, அடுத்த நாளே அட்ச்சிட்டியே! எத்தினி மாசமா நல்லவன் வேஷம் கட்டினு இருந்தே? நானே நம்பிட்டேன் அண்ணாத்த. உன்ன சாட்சிக்கு வேற கூப்ட்டேன்!"

என் நாற்காலிக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். ஹாலந்து இருந்த இடமெல்லாம் என் நிறம். கொடிக்குப் பக்கத்தில் பட்டை காலி. அடியில் ஒரு கோடு சிவப்பு.

"நான் சொல்லல," என்றேன்.

"அட வுடு அண்ணாத்த. உன் ரிலீவரே சொல்ட்டான். 'இது மச்சான் பிளான். சார் தெக்க எறங்குனதும் அட்ச்சிடுன்னு சொல்லிக்கீறான்'னு. செம பிளான்! நார்வேய வுட்டியே, அதுவும் இதுக்குத்தானா?"

அவன் என்னைத் திட்டவில்லை. மெச்சினான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் நார்வேயை விட்டது, கூப்பிட்டபோதெல்லாம் போனது, சாட்சி நின்றது, எல்லாம் அந்த ஒரு மத்தியானத்தில் வேறு கதையாகிவிட்டது. பேர் எவ்வளவு நல்லதாக இருந்ததோ அவ்வளவு பெரிய சூழ்ச்சிக்காரன் ஆகிவிட்டேன். கெட்ட பேர் எடுத்தவனாக இருந்தால் யாரும் இப்படி நினைத்திருக்க மாட்டார்கள். அவனை யாரும் ஊருக்குள் விட்டிருக்கவும் மாட்டார்கள்.

சார் திரும்பினார். கோபம் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"மகாபலிபுரத்துல நான் அனுமதி தரேன்னு சொன்னேன். நீ ஒண்ணும் பேசலை. தலையாட்டின. அப்பவே யோசிச்சிருந்தியா தம்பி?"

"இல்ல சார். நான் சொல்லல. அவனா பண்ணிட்டான்."

"அவன் இப்படிச் சொல்றானே."

ஒரு தடவை சொன்னேன். அதையே இன்னொரு தடவை சொன்னால் அது பொய் மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

"நீ அதிகம் பேச மாட்டே," என்றார் சார். "அதனாலதான் நம்பினேன். இப்ப அதுதான் பயமா இருக்கு."

அக்கா எழுந்து வந்தார். "சார், காலீல ஆரம்பிச்சப்ப இருந்தத அப்டியே சேவ் பண்ணி வெச்சிக்கீறேன். அத்தயே போட்டுடவா? எதுவுமே நடக்காத மாதிரி ஆயிடும்."

"அய்ய! அழுகுணி ஆட்டம்!" என்று பையன்கள் கத்தினார்கள்.

நான் சாரைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"வேண்டாம்மா," என்றார். "பழசைப் போட்டாலும் இனிமே இவரை நான் ஊருக்குள்ள விடப் போறதில்லை. அப்புறம் எதுக்கு?"

இவரை என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

நான் உட்கார்ந்தேன். அன்று மாலை முழுக்க ஒரே வேலைதான் செய்தேன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து படையைக் கிளப்பினேன். பிடித்த ஊரெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். அதோடு என் ஊர் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். "லூசா நீ?" என்றான் சுவீடன் பையன். சார் ஒவ்வொரு செய்திக்கும் சரி என்று அமுக்கினார். டக், டக் என்று அந்தச் சத்தம் மட்டும் பக்கத்திலிருந்து கேட்டது.

எல்லாம் கொடுத்து முடித்துப் பட்டையைப் பார்த்தேன். அப்படியே இருந்தது.

"நெலத்த திருப்பிக் குட்தா அது ஏறாதுப்பா," என்றார் அக்கா மெதுவாக. "முறிச்சது முறிச்சதுதான். அது வருசம் போனாத்தான் ஏறும்."

மறுநாள் மூன்று மணிக்கு ரிலீவர் வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"நான் சொன்னேன்னு சொன்னியா?" என்று கேட்டேன்.

"இன்னா மச்சான், ஒரு கேமுக்குப் போயி மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு..."

"சொன்னியா?"

மிஷின் சத்தத்தில் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. இருந்தாலும் அவன் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"சொன்னேன். நானா பண்ணேன்னா என்ன அங்க மறுபடி உக்கார வுடுவாங்களா? எனுக்குன்னு அங்க இன்னா கீது? மாசக் கணக்கா உன் நாட்ட மேய்ச்சினு கெடக்குறேன். நம்ம படை பூரா சார் ஊர்ல நிக்குது, அவுரு ஆளு ஒருத்தன் இல்ல. எவனா இருந்தாலும் அட்ச்சிருப்பான். ஒரு தபா ஜெயிச்சுப் பாக்கலாம்னு அட்ச்சேன். நீ சொன்னேன்னு சொன்னா உன்ன இன்னா பண்ணிடுவாங்க? உனுக்குத்தான் அவ்ளோ பேரு கீதே."

என் பேர் தாங்கும் என்று நினைத்திருக்கிறான். நிறைய இருக்கிறதே, கொஞ்சம் எடுத்தால் என்ன என்று.

"என்கிட்ட செட்டிங் தொடலன்னு சொன்னே," என்றேன்.

"அது மிஷினுக்குச் சொல்றதுடா."

"நாட்டுக்கும் அதத்தான் சொன்னே. இத்தனை வாரமா."

அவன் மிஷின் பக்கம் திரும்பினான்.

"சாருகிட்ட வந்து சொல்லு. நீயா பண்ணேன்னு."

"சரி, வரேன்," என்றான்.

வரவில்லை. அந்த ஞாயிறும் வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகு அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான்.

அன்று அவனிடம் துணியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். அவன் நின்றுகொண்டிருந்தான். அந்த வார்த்தைக்காக நின்றான். நான் சொல்லவில்லை. பஸ்ஸுக்குப் போய்விட்டேன். அவன் அளந்திருப்பான். வேறு வழி இல்லை.

ஷிஃப்ட் மாறியது. அடுத்த வாரம் அவனிடமிருந்து நான் மிஷினை வாங்கினேன். "செட்டிங் தொடல," என்றான். நான் அளக்கிற கேஜை எடுத்து ஓடுகிற பீஸை நிறுத்தி அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. அவன் முகம் சிவந்துவிட்டது. "இன்னாடா, என்ன செக் பண்றியா?" என்றான். பக்கத்து மிஷின்காரர்கள் பார்த்தார்கள். எங்கள் லைனில் அதைவிட அவமானம் கிடையாது. நான் கேஜைத் துடைத்து வைத்தேன்.

பிறகு அவனும் என்னை அளக்க ஆரம்பித்தான். எனக்கு எதிரிலேயே அளப்பான். தினமும் இது நடந்தது. கொஞ்ச நாளில் சூப்பர்வைசர் கண்ணில் பட்டது. எல்லோரையும் நிற்க வைத்து எங்களைக் காட்டினார். "ஷிஃப்ட் மாறும்போது எப்படிச் செக் பண்றாங்க பாருங்க. இவங்க மிஷின்ல ரிஜெக்ஷனே இல்ல. எல்லாரும் இப்படிப் பண்ணணும்." நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சென்டருக்கு நான் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும். டென்மார்க்கோடு யாரும் கூட்டணி வைக்கவில்லை. கம்ப்யூட்டர் ஓட்டும் நாடுகூட வைக்கவில்லை. கேட்டுக் கேட்டு அனுப்புவேன். முடியாது, முடியாது என்று வரும். பையன்கள் சாட்சிக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். முதல் ஷிஃப்ட் வந்த ஞாயிறுகளில் நாற்காலியைக் காலியாக விட்டேன். கம்ப்யூட்டர் நாட்டை எடுத்துக்கொள்ளும். தப்பும் தவறுமாக ஏதாவது செய்து வைக்கும். வந்து பார்த்துச் சரிசெய்துகொள்வேன். அது செய்ததை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாது.

சார் ஆட்டம் முடியும்வரை வந்தார். பாதியில் எழுந்து போகிறவர் இல்லை. ஆனால் நாற்காலி மாறிவிட்டார். அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எனக்கு ஏதாவது இங்கிலீஷில் வந்தால் யாரையும் கேட்பதில்லை. தெரிந்ததை அமுக்குவேன்.

கடைசித் தேதி வந்து ஆட்டம் முடிந்தபோது என் பட்டையில் மெல்லிய மஞ்சள் ஏறியிருந்தது. திரையில் நூறு வருஷத்துக்கு மேல் போயிருந்தது. அவ்வளவுதான் ஏறும். அடுத்த ஆட்டத்துக்கு நாடு பிரித்தபோது அக்கா, "எது வேணும்?" என்று கேட்டார். "நான் வரல," என்றேன். சாரும் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் பஸ்ஸில் இருந்தேன். சதுரங்கப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். பஸ் கிளம்பும்போதே நெருக்கம். எனக்கு சீட்டு கிடைத்திருந்தது. ஏறியவர்களில் சாரும் அவர் வீட்டம்மாவும் இருந்தார்கள். எழுந்தேன்.

"உக்காருங்க, பரவாயில்லை," என்றார் சார். மறுபடி உட்கார்ந்தேன்.

அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "டென்மார்க் தானே நீங்க?"

"ஆமாங்க."

"அதுக்கப்புறம் பாக்கவே முடியலையே. இவர்கிட்ட கேட்டா, ஷிஃப்ட் வேலை, நேரமில்லேன்னு சொல்வாரு. ஒரு நாள் வீட்டுக்கு வாங்க," என்றார். சொல்லிக்கொண்டே கையிலிருந்த பையை என் மடியில் வைத்தார். நம் பஸ்ஸில் அதுதானே வழக்கம். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருக்கிறவர் வாங்கி வைத்துக்கொள்வார். முன்பின் தெரியாதவரிடம்கூடக் கொடுப்பார்கள். கீரைக்கட்டு மேலே தெரிந்தது.

சார் வீட்டில் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முன்னால் பெண்கள் பக்கம் ஒரு இடம் கிடைத்து அந்த அம்மா போய் உட்கார்ந்தார். சார் என் பக்கத்திலேயே நின்றார். தோளில் ஒரு பெரிய பை. அரிசியோ பருப்போ இருந்திருக்கும். வார் தோளை அறுத்துக்கொண்டிருந்தது. பஸ் வளைவில் சாயும்போதெல்லாம் அது என் முகத்தின் முன்னால் ஆடியது.

"குடுங்க சார்," என்று கையை நீட்டினேன்.

"பரவாயில்லை," என்றார்.

முன்னாலிருந்து அந்த அம்மா திரும்பி, "அவர்கிட்ட கொடுங்களேன், எதுக்குத் தூக்கிண்டு நிக்கறீங்க," என்றார்.

"கனமில்லை," என்றார் சார்.

திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் இன்னும் ஏறியது. அவர் கையை மாற்றிப் பிடித்தார். தோளை மாற்றினார். கல்பாக்கம் வரைக்கும் அந்தப் பையை இறக்கவில்லை.